கல்கத்தாவைச் சுற்றிப் பார்க்க எந்த வண்டி? - பல்லக்கு முதல் பாதாள ரயில் வரை ஒரு வரலாறு

ஒரு பெரிய நகரத்தைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு முதல் கேள்வி "எதைப் பார்ப்பது?", இரண்டாவது கேள்வி "எதில் போவது?". பெரும்பாலான ஊர்களில் இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் சுலபம். கையில் இருக்கும் காசையும் நேரத்தையும் பார்த்து பஸ், ஆட்டோ, டாக்சி என்று ஏதாவது ஒன்றில் ஏறிவிடலாம். கல்கத்தாவில் மட்டும் அப்படி இல்லை. அங்கே படகு, கை ரிக்‌ஷா, டிராம், மஞ்சள் டாக்சி, பஸ், ஷேர் ஆட்டோ, மெட்ரோ என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்தைச் சேர்ந்தது. பழைய வண்டி முழுவதும் போவதற்குள் புதிய வண்டி வந்துவிடும். பழையதும் புதியதும் ஒரே தெருவில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்.

2001-ல் நகரத்தின் பெயர் அதிகாரப்பூர்வமாக கொல்கத்தா என்று மாறியது. ஆனால் இந்த வண்டிகளின் கதை நடந்ததெல்லாம் பெரும்பாலும் "கல்கத்தா" என்ற பெயர் இருந்த காலத்தில்தான். எனவே இந்தக் கட்டுரையில் பழைய பெயரே வருகிறது.

பல்லக்குத் தூக்கிகளின் வேலைநிறுத்தம்

கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் கல்கத்தாவுக்கு வந்து இறங்கும் வெள்ளைக்காரர் முதலில் ஏறியது பல்லக்கில்தான். வசதியான வங்காளிகளும் அப்படியே. தூக்குபவர்களில் பெரும்பாலோர் ஒரிசாவிலிருந்து பிழைப்புக்காக வந்தவர்கள்.

1827-ல் போலீஸ் நிர்வாகம் ஒரு விதி கொண்டுவந்தது. பல்லக்குத் தூக்கிகள் அனைவரும் பெயர் பதிவு செய்துகொள்ள வேண்டும், எண் பொறித்த வில்லை அணிய வேண்டும், அரசு நிர்ணயித்த கூலியைத்தான் வாங்க வேண்டும் என்பதுதான் அது. தூக்கிகள் இதை அவமானமாக நினைத்தார்கள். பல்லக்கை இறக்கி வைத்துவிட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். நகரத்தின் பெரிய மனிதர்கள் வீட்டை விட்டு நகர முடியாமல் தவித்தார்கள்! இந்தியாவில் நடந்த மிக முந்தைய தொழிலாளர் வேலைநிறுத்தங்களில் ஒன்றாக வரலாற்றாசிரியர்கள் இதைக் குறிப்பிடுகிறார்கள்.

இதன் முடிவு தூக்கிகளுக்குச் சாதகமாக அமையவில்லை. பீகார் பக்கத்து ஆட்கள் அந்த வேலைக்கு வரத் தொடங்கினார்கள். பிரவுன்லோ என்ற ஆங்கிலேயர் தன் பல்லக்குக்கே சக்கரம் மாட்டி, முன்னால் ஒரு குதிரையைப் பூட்டினார் என்றும், அதுவே "பிரவுன்பெரி" என்ற வண்டியாகப் பரவியது என்றும் சொல்வார்கள். பிறகு வாடகைக் குதிரை வண்டிகள் பெருகின. பல்லக்கு மெல்ல மெல்ல மறைந்தது.

இன்று விக்டோரியா நினைவு மண்டபத்தின் முன்னால் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு போகும் அலங்காரக் குதிரை வண்டிகளைப் பார்க்கிறவர்களுக்கு, அது ஒரு காலத்தில் நகரத்தின் முக்கிய வாகனமாக இருந்தது என்பது தெரியாது. இந்த நகரத்தில் ஒரு வண்டி மறையும்போது அதை நம்பி வாழ்ந்த மனிதர்களுக்கு என்ன ஆயிற்று என்ற கேள்வி அன்றே தொடங்கிவிட்டது எனலாம்.

ஆற்றைக் கடப்பது எப்படி?

கல்கத்தா ஹூக்ளி ஆற்றின் கிழக்குக் கரையில் இருக்கிறது. ஆனால் 1854-ல் ஓடத் தொடங்கிய கிழக்கிந்திய ரயில்வேயின் நிலையமோ மேற்குக் கரையில், ஹவுராவில். நடுவில் பாலம் கிடையாது. அதனால் பயணிகள் இந்தப் பக்கம் ஆர்மீனியன் படித்துறையில் டிக்கெட் வாங்கிக்கொண்டு, படகில் அக்கரை போய் ரயில் ஏறினார்கள்.

1874-ல் பிராட்ஃபோர்ட் லெஸ்லி என்ற பொறியாளர் அமைத்த மிதவைப் பாலம் வந்தது. கப்பல்கள் போவதற்காக அதன் நடுப்பகுதியைத் திறந்து மூடுவார்கள். திறந்திருக்கும் நேரத்தில் இரு கரையிலும் கூட்டம் காத்துக் கிடக்கும். இன்று எல்லோரும் புகைப்படம் எடுத்துக்கொள்ளும் ஹவுரா பாலம் 1943 பிப்ரவரியில்தான் திறக்கப்பட்டது. அது இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த நேரம். ஜப்பானிய விமானங்களின் குண்டுவீச்சுக்கு அஞ்சி, விழா எதுவும் இல்லாமல் திறந்தார்கள். பாலத்தின் மேல் முதலில் சென்ற வாகனம் ஒரு டிராம் வண்டி!

பாலம் வந்தபிறகும் படகு நிற்கவில்லை. ஹவுராவிலிருந்து பாபுகாட், பாக்பஜார் போன்ற துறைகளுக்கு மோட்டார் படகுகள் போகின்றன. சுற்றிப் பார்க்க வருபவர்களுக்கு இதைவிட மலிவான, இதைவிட நல்ல காட்சி தரும் வாகனம் வேறு இல்லை. ஹவுரா பாலத்தின் மேலே போனால் முன்னால் போகும் லாரியின் முதுகுதான் தெரியும். கீழே படகில் போனால்தான் பாலம் முழுவதும் தெரியும். குளிப்பவர்கள், பூ மார்க்கெட், பழைய கிடங்குகள், பிரின்செப் படித்துறையின் தூண்கள் எல்லாவற்றையும் ஆற்றிலிருந்து பார்ப்பதுதான் அழகு. தட்சிணேசுவரம் காளி கோயிலையும் எதிர்க்கரையில் இருக்கும் பேலூர் மடத்தையும் ஒரே நாளில் பார்க்க விரும்புகிறவர்களுக்கும் படகுதான் ஏற்றது.

டிராம்: ஒரு பைசாவுக்காக எரிந்த நகரம்

1873 பிப்ரவரி 24 அன்று சியால்டாவிலிருந்து ஆர்மீனியன் படித்துறை வரை சுமார் 3.9 கிலோமீட்டர் தூரத்துக்கு முதல் குதிரை டிராம் ஓடியது. ஒரு ரயில் நிலையத்தையும் ஆற்றையும் இணைப்பதுதான் நோக்கம். வருமானம் போதாமல் அதே வருடம் நவம்பரிலேயே நிறுத்திவிட்டார்கள். பின்பு 1880-ல் லண்டனில் பதிவு செய்யப்பட்ட கல்கத்தா டிராம்வே கம்பெனி மீண்டும் குதிரை டிராமைத் தொடங்கியது. கல்கத்தா வெயிலில் குதிரைகள் படாத பாடுபட்டன. நீராவி எஞ்சினையும் கொஞ்ச காலம் சோதித்துப் பார்த்தார்கள். கடைசியில் 1902 மார்ச் 27-ல் எஸ்பிளனேடிலிருந்து கிதர்பூருக்கு மின்சார டிராம் ஓடியது.

இதை "ஆசியாவின் முதல் மின்சார டிராம்" என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். இது சரியல்ல. சென்னையில் 1895-லேயே மின்சார டிராம் ஓடிவிட்டது. ஆனால் சென்னை டிராம் 1953-ல் நின்றுபோனது. டெல்லியில் 1960-களின் தொடக்கத்திலும், பம்பாயில் 1964-லும் டிராம் நின்றது. முதலில் வந்தது என்பதைவிட கடைசிவரை நிலைத்தது என்பதுதான் கல்கத்தா டிராமின் உண்மையான பெருமை.

டிராம் அந்த ஊர் மக்களின் வாழ்க்கையில் எவ்வளவு கலந்திருந்தது என்பதற்கு 1953 ஜூலை ஒரு சாட்சி. அப்போது டிராம் கம்பெனி இன்னும் பிரிட்டிஷ்காரர்கள் கையில்தான் இருந்தது. இரண்டாம் வகுப்புக் கட்டணத்தை ஒரே ஒரு பைசா உயர்த்தினார்கள். மக்கள் கூடுதல் பைசாவைத் தர மறுத்தார்கள். இடதுசாரிக் கட்சிகள் போராட்டக் குழு அமைத்தன. பிற்காலத்தில் முதல்வரான ஜோதி பாசுவும் அதில் முன்நின்றார். டிராம்கள் எரிந்தன, போலீஸ் துப்பாக்கிச்சூடு நடந்தது. கடைசியில் கட்டண உயர்வு நிறுத்திவைக்கப்பட்டது. ஒரு பைசாதானே என்று இன்று தோன்றலாம். பிரிவினைக்குப் பிறகு அகதிகளால் நிரம்பி வழிந்த ஊரில், தினமும் வேலைக்குப் போய் வருகிற ஒருவருக்கு அந்த ஒரு பைசா பெரிய விஷயம்.

அடுத்த ஆண்டு, 1954 அக்டோபரில், வங்காளத்தின் பெருங்கவிஞர்களில் ஒருவரான ஜீவனானந்த தாஸ் ஒரு டிராம் மோதிப் படுகாயமடைந்து, சில நாட்களில் இறந்துபோனார். இப்படி நகரத்தின் கோபமும் துக்கமும் அந்த இரும்புத் தண்டவாளத்தோடு பின்னிப் பிணைந்துவிட்டன.

1967-ல் மாநில அரசு நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. 1976-ல் கம்பெனி தேசியமயமானது. அதன்பிறகு சரிவுதான். கல்கத்தாவில் சாலைகளின் பரப்பு நகரப் பரப்பில் சுமார் 6 சதவீதம்தான் என்று கணக்கிடுகிறார்கள். அந்தக் குறுகிய இடத்துக்குக் கார்களும் பஸ்களும் போட்டியிட்டன. மெட்ரோ வேலை நடந்தபோதும் பல தண்டவாளங்கள் போயின. 1993-ல் ஹவுரா பாலத்தின் மேல் டிராம் நின்றது. 2020 மே மாதத்தில் வீசிய ஆம்பன் புயலுக்குப்பின், 1902-ல் தொடங்கிய அந்தக் கிதர்பூர் தடமும் நின்றது. 2023-ல் 150-வது ஆண்டு கொண்டாடிய டிராமை, ஒரு சிறிய பாரம்பரியத் தடம் தவிர முழுவதும் நிறுத்தப்போவதாக 2024 செப்டம்பரில் மாநில அரசு அறிவித்தது. டிராம் ஆர்வலர்கள் எதிர்த்தார்கள். விவகாரம் கல்கத்தா உயர்நீதிமன்றத்துக்குப் போனது.

ஆகவே டிராமில் போய் ஊர் பார்க்க ஆசைப்படுகிறவர்கள், அன்றைய தினம் எந்தத் தடம் ஓடுகிறது என்பதை எஸ்பிளனேடு டிப்போவில் கேட்டுக்கொள்வது நல்லது. அங்கேயே 1938-ல் கட்டப்பட்ட ஒரு டிராம் பெட்டியை "ஸ்மரணிகா" என்ற பெயரில் 2014-ல் அருங்காட்சியகமாக மாற்றியிருக்கிறார்கள். டிராம் மெதுவாகத்தான் போகும். ஆனால் சுற்றிப் பார்க்கிறவருக்கு மெதுவாகப் போவது குறையல்லவே! பழைய வீடுகளின் பால்கனிகள், பழைய புத்தகக் கடைகள், தெருவோர டீக்கடைகள் எல்லாம் ஜன்னல் ஓரத்தில் நிதானமாக நகரும்.

கை ரிக்‌ஷா: ஏறுவதா, வேண்டாமா?

கல்கத்தா பயணத்தில் மிகவும் சங்கடமான கேள்வி இதுதான். ரிக்‌ஷா ஜப்பானில் 1869 வாக்கில் தோன்றியது. "ஜின்ரிகிஷா" என்றால் மனித பலத்தால் ஓடும் வண்டி என்று பொருள். இந்தியாவில் முதலில் சிம்லாவுக்கு வந்தது. கல்கத்தாவில் சீன வியாபாரிகள் சரக்கு இழுக்க இதைப் பயன்படுத்தினார்கள். 1914-ல் பயணிகளை ஏற்ற அனுமதி கேட்டார்கள். 1919-ல் வந்த வாடகை வண்டிச் சட்டம் இதை முறைப்படுத்தியது. காலப்போக்கில் சீனர்கள் விலக, பீகாரிலிருந்து வந்த ஏழை விவசாயிகள் இந்த வேலையில் நிறைந்தார்கள். 1953-ல் வந்த பிமல் ராயின் "தோ பிகா ஜமீன்" திரைப்படத்தில், கடனில் மூழ்கும் நிலத்தை மீட்பதற்காக பல்ராஜ் சஹானி கல்கத்தா தெருக்களில் ரிக்‌ஷா இழுப்பார். அது கற்பனைக் கதைதான். ஆனால் அந்தக் கதையை வாழ்ந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள்.

பெரும்பாலான இழுப்பவர்களுக்குச் சொந்த வண்டி கிடையாது. தினவாடகைக்கு எடுத்து இழுத்து, மிச்சமாவதை ஊருக்கு அனுப்புவார்கள். மழைக்காலத்தில் மத்திய கல்கத்தாவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும்போது டாக்சியும் ஆட்டோவும் நின்றுவிடும். அப்போது பள்ளிக் குழந்தைகளையும் நோயாளிகளையும் கொண்டுசேர்ப்பது இந்த ரிக்‌ஷாதான்.

2005 சுதந்திர தினத்தன்று அப்போதைய முதல்வர் புத்ததேவ் பட்டாச்சார்யா, ஒரு மனிதனை இன்னொரு மனிதன் இழுப்பது இனி இருக்கக்கூடாது என்று அறிவித்தார். 2006 டிசம்பரில் சட்டசபையில் திருத்தமும் நிறைவேறியது. இழுப்பவர்களின் சங்கம் எதிர்த்தது. "எங்களுக்கு மாற்று வேலை என்ன?" என்பதுதான் அவர்கள் கேட்ட கேள்வி. விஷயம் நீதிமன்றத்துக்குப் போய், தடை நடைமுறைக்கு வராமலே நின்றுவிட்டது. புதிய லைசென்ஸ் கொடுப்பது மட்டும் நின்றுபோனது. வயதானவர்கள் விலக விலக, வண்டிகள் குறைந்துகொண்டே வருகின்றன.

இங்கே தமிழ்நாட்டை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1973-ல் அன்றைய முதல்வர் கருணாநிதி கை ரிக்‌ஷாவை ஒழித்தபோது, இழுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு சைக்கிள் ரிக்‌ஷா இலவசமாக வழங்கப்பட்டது. ஒழிப்பும் மாற்றும் ஒரே நேரத்தில் வந்தன. கல்கத்தாவில் ஒழிப்பு மட்டும் சட்டப் புத்தகத்தில் ஏறியது, மாற்று வரவில்லை. அதனால்தான் ஒரு நூற்றாண்டுக்குப் பிறகும் அந்த மணியோசை தெருவில் கேட்கிறது.

சுற்றுலாப் பயணி என்ன செய்வது? ஏறினால் மனித உழைப்பை இப்படிப் பயன்படுத்துகிறோமே என்ற உறுத்தல். ஏறாவிட்டால் அவருடைய அன்றைய வருமானம் போகும். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் புகைப்படம் மட்டும் எடுத்துக்கொண்டு நழுவுவதில் எந்த நியாயமும் இல்லை. ஏறுகிறவர்கள் பேரம் பேசி ஐந்து பத்து குறைக்காமல் இருப்பதும், அவர் நின்று மூச்சு வாங்க இடம் கொடுப்பதும் குறைந்தபட்ச மரியாதை.

பஸ், மஞ்சள் டாக்சி, ஷேர் ஆட்டோ

மோட்டார் பஸ் 1920-களில் பரவியது. 1926-ல் ஷியாம்பஜாரிலிருந்து காளிகட்டுக்கு இரட்டை மாடி பஸ் ஓடியது. சுதந்திரத்துக்குப் பின் 1948-ல் அரசு பஸ் சேவை வந்தது. தனியார் பஸ்களில் கண்டக்டர் வண்டியின் பக்கவாட்டில் தட்டிக்கொண்டே நிறுத்தங்களின் பெயரை ஏலம் போடுவது போலக் கூவுவார். வங்காளி தெரியாதவர்களுக்கு முதல் இரண்டு நாள் திண்டாட்டம்தான்.

மஞ்சள் அம்பாசடர் டாக்சி கல்கத்தாவின் அடையாளம் என்றால் அதற்குக் காரணம் உண்டு. அந்தக் கார் தயாரானதே நகரத்துக்கு அருகிலிருக்கும் உத்தர்பாராவில், இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில். 2014-ல் உற்பத்தி நின்றது. 15 ஆண்டு தாண்டிய வாடகை வாகனங்கள் நகருக்குள் ஓடக்கூடாது என்ற நீதிமன்ற உத்தரவும் இருப்பதால், மஞ்சள் அம்பாசடர்கள் வேகமாகக் குறைந்துவிட்டன. குடும்பத்தோடும் பெட்டி படுக்கையோடும் வருகிறவர்களுக்கு இவ்வளவு தாராளமான இடம் தந்த கார் வேறில்லை.

கல்கத்தா ஆட்டோவைச் சென்னை ஆட்டோ என்று நினைத்து ஏமாறக்கூடாது. அங்கே ஆட்டோ பெரும்பாலும் குறிப்பிட்ட தடத்தில் மட்டும் ஓடும் ஷேர் ஆட்டோ. கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் வராது. மெட்ரோ நிலையத்திலிருந்து பக்கத்துப் பகுதிக்குப் போக உதவும், அவ்வளவே.

மண்ணுக்கடியில் ஒரு கனவு

கல்கத்தாவுக்குப் பாதாள ரயில் வேண்டும் என்ற எண்ணம் நூறு வருடப் பழமை கொண்டது. ஹார்லி டால்ரிம்பிள்-ஹே என்ற பிரிட்டிஷ் பொறியாளர் 1921-ல் ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் போகும் ஒரு ரயில் பாதைக்குத் திட்டம் தீட்டினார். பணம் இல்லாததால் அது நடக்கவில்லை. அதற்குப் பதிலாக மின்சாரக் கம்பிகள் கொண்டுபோக ஆற்றுக்கடியில் ஒரு சிறிய சுரங்கத்தை மட்டும் கட்டிக்கொடுத்தார்.

பின்னர் 1972 டிசம்பர் 29-ல் பிரதமர் இந்திரா காந்தி மெட்ரோவுக்கு அடிக்கல் நாட்டினார். சாலையை நேராகத் தோண்டி, உள்ளே பாதை கட்டி, மேலே மூடும் முறையில் வேலை நடந்தது. சௌரங்கி போன்ற பிரதான சாலைகள் வருடக்கணக்கில் பள்ளமாகக் கிடந்தன. கடைசியில் 1984 அக்டோபர் 24 அன்று எஸ்பிளனேடு முதல் பவானிபூர் வரை 3.4 கிலோமீட்டர் தூரத்துக்கு இந்தியாவின் முதல் மெட்ரோ ஓடியது. டெல்லி மெட்ரோ வந்தது 2002-ல்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை புரியும். டம்டம் முதல் டாலிகஞ்ச் வரையிலான முழுப்பாதை முடிய 1995 ஆயிற்று.

டால்ரிம்பிள்-ஹே கண்ட கனவு நனவாக 2024 மார்ச் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஹவுராவையும் எஸ்பிளனேடையும் இணைக்கும் மெட்ரோ, ஹூக்ளிக்கு அடியில் 520 மீட்டர் சுரங்கத்தில் ஓடத் தொடங்கியது. ஆற்றைக் கடக்க ஒரு நிமிடம்கூட ஆவதில்லை. 2025 ஆகஸ்டில் இந்தப் பாதை முழுவதும் இணைந்து சால்ட் லேக் வரை நீண்டது. 1854-ல் படகுக்குக் காத்து நின்ற பயணியின் பிரச்சினை ஒரு வழியாகத் தீர்ந்தது!

சுற்றிப் பார்க்கிறவர்களுக்கு மெட்ரோ மிகவும் பயனுள்ளது. வடக்கு தெற்காக ஓடும் பழைய பாதையில் தட்சிணேசுவரம் கோயில், தாகூர் பிறந்த ஜோராசாங்கோ வீட்டுக்கு கிரீஷ் பார்க், 1814-ல் தொடங்கிய இந்திய அருங்காட்சியகத்துக்கு பார்க் ஸ்ட்ரீட், விக்டோரியா நினைவு மண்டபத்துக்கு மைதானம் அல்லது ரவீந்திர சதன், காளி கோயிலுக்கு காளிகட் என்று முக்கிய இடங்கள் பலவும் வரிசையாக வந்துவிடுகின்றன. தமிழர்கள் அதிகம் வாழ்ந்த லேக் மார்க்கெட் பகுதிக்கும் காளிகட் நிலையம்தான் பக்கம். இட்லி தோசைக்கு ஏங்குகிறவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

ஆனால் மெட்ரோவில் ஒரு குறை. அது ஊரைக் காட்டாது. இருட்டில் ஏறி இருட்டில் இறங்கி, பார்க்க வேண்டிய இடத்தை மட்டும் பார்த்துவிட்டு வரலாம். நடுவில் இருக்கும் ஊர் தெரியாமலே போய்விடும்.

முடிவாக...

தூரத்தைக் கடக்க மெட்ரோ, ஆற்றைப் பார்க்க படகு, தெருவைப் பார்க்க டிராம், சுமையும் முதியவர்களும் இருந்தால் டாக்சி, கல்லூரிச் சாலை, குமார்துலி போன்ற பகுதிகளுக்கு நடை. கல்கத்தாவைச் சுற்றிப் பார்க்க இதுதான் சரியான பங்கீடு.

இன்னொன்றும் இருக்கிறது. எந்த வண்டி வேண்டும், எது வேண்டாம் என்று 1827-லிருந்து இன்றுவரை அலுவலகங்களில் முடிவெடுக்கப்பட்டு வந்திருக்கிறது. ஒவ்வொரு முடிவிலும் யாரோ சிலர் தெருவுக்கு வந்திருக்கிறார்கள். ஆனால் 1953-ல் ஒரு பைசாவைத் தர மறுத்தவர்கள், அந்த முடிவுகளை மாற்றப் பயணிகளாலும் முடியும் என்று காட்டினார்கள். கூட்டம் இல்லை என்று காரணம் சொல்லித்தான் ஒரு தடத்தை நிறுத்துகிறார்கள். ஆகவே அடுத்த முறை கல்கத்தா போகிறவர்கள், டிராம் ஓடிக்கொண்டிருந்தால் ஒருமுறையாவது டிக்கெட் வாங்கி அதில் உட்கார்ந்து வரட்டும். அருங்காட்சியகத்தில் நிற்கும் டிராமைப் பிறகும் பார்த்துக்கொள்ளலாம்.